ஆங்கிலத்தில் இறந்தகாலமும் காலச் சொற்களும்



ஆங்கிலம் கற்கும் மாணவன் முதலில் இடறும் இடம் எது என்று என்னைக் கேட்டால், இறந்தகாலம் என்றே விடையிறுப்பேன். பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிக்க வல்லவனும், நேற்று நடந்த ஒன்றைத் தன் சொல்லில் கூறப் புகும்போது தடுமாறுகிறான். அறிவுக் குறைவு அதற்குக் காரணம் அன்று. காலத்தைக் காட்டுவதில் தமிழின் நெறி வேறு. ஆங்கிலத்தின் நெறி வேறு. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

'உண்டான்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'உண்' என்பது பகுதி; 'ட்' என்பது இறந்தகால இடைநிலை; 'ஆன்' என்பது ஆண்பாலைக் காட்டும் விகுதி. த், ட், ற் என்னும் ஒற்றுகளையும் 'இன்' என்பதையும் இறந்தகால இடைநிலைகளாக நன்னூலார் கூறுவார். உண்டேன், உண்டாய், உண்டாள், உண்டனர் என ஆளுக்கும் பாலுக்கும் ஏற்ப விகுதி மாறும். ஆங்கில இறந்தகாலத்திலோ இந்தத் தொல்லை இல்லை. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய யாவருக்கும் 'வென்ட்' என்னும் ஒரே சொல் போதும். 'வாஸ்', 'வேர்' என்னும் இணை ஒன்றே விலக்கு. இவ்வகையில் ஆங்கிலம் தமிழினும் எளிது.

பெரும்பாலான வினைகள் 'ஈ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகளை இறுதியில் ஏற்று இறந்தகாலமாகும். எழுத்து ஒன்றாயினும் ஒலி மூன்று. 'வாக்' என்பது 'வாக்ட்' என வல்லொலி பெறும். 'செய்ல்' என்பது 'செய்ல்ட்' என மெல்லிய டகரம் பெறும். 'லேண்ட்' என்பது மட்டும் 'லேண்டெட்' என ஓரசை நீளும். 'கோ' என்பது 'வென்ட்' ஆவதும், 'ஸீ' என்பது 'சா' ஆவதும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியவை. இதற்காக ஆங்கிலத்தைக் குறை கூறவேண்டா. 'வா' என்பது நம் மொழியில் 'வந்தான்' எனக் குறுகவில்லையா?

எதிர்மறையில் பலரும் தவறுவர். 'ஹி டிட் நாட் வென்ட்' என்று எழுதுவர். இதற்கு மருந்து தமிழிலேயே உண்டு. 'சென்றான்' என்பதை மறுக்கும்போது 'செல்லவில்லை' என்கிறோம். 'சென்றவில்லை' என்று எவரும் கூறுவதில்லை. மறுப்புச் சொல் வந்தவுடன் முதல்வினை தன் கால அடையாளத்தை இழந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அவ்வாறே. 'டிட்' என்பது காலத்தைத் தான் ஏற்றுக்கொள்ள, வினை தன் இயல்பான வடிவுக்குத் திரும்பும். ஆகவே 'ஹி டிட் நாட் கோ' என்பதே முறை. வினாவிலும் விதி இதுவே.

இனிக் காலச் சொற்கள். குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை இங்கே ஒல்லாந்தரை வென்றது. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராக உயர்ந்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். இவ்வரலாற்றை ஆங்கிலத்தில் கூறும்போது ஆண்டுக்கு முன் 'இன்' வரும். நாளுக்கு முன் 'ஆன்' வரும். மணிக்கு முன் 'அட்' வரும். நாமோ ஆண்டுக்கும் மாதத்துக்கும் நாளுக்கும் 'இல்' என்னும் ஓர் உருபையே வழங்குகிறோம். அதனால்தான் மாணவன் எங்கும் 'இன்' என்றே எழுதிவிடுகிறான்.

இதனினும் நுட்பமானது 'முன்' என்னும் சொல். 'மூன்று நாளைக்கு முன்' என்பதை இன்றிலிருந்து எண்ணினால் 'அகோ'. வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால் 'பிஃபோர்'. அதுபோலவே, 'நேற்றுச் சென்றிருக்கிறான்' என்று தமிழில் கூறலாம். ஆங்கிலத்தில் நாளைக் குறித்தபின் 'ஹாஸ் கான்' என்பது பொருந்தாது. முடிந்துபோன நாளைச் சொன்னால் 'வென்ட்' என்றே சொல்லவேண்டும்.

இவையெல்லாம் தேர்வு மதிப்பெண்ணோடு முடியும் செய்திகள் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஓக்கிப் புயல் எங்கள் கடற்கரையைத் தாக்கியது. டிசம்பர் 4-ஆம் நாள் மாலை, அடுத்த ஊரிலிருந்து ஓர் அம்மையார் தம் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். கணவர் ஆழ்கடலுக்குச் சென்று திரும்பவில்லை. பத்தாம் வகுப்பில் படித்த அம்மகன் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தான். "சாரே, இவன் எழுதினது சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் அம்மையார்.

'த்ரீ டேஸ் பிஃபோர்' தந்தை கடலுக்குச் சென்றதாக எழுதியிருந்தான். எதற்கு மூன்று நாள் முன் என்பது இல்லை. புயலுக்கு மூன்று நாள் முன் என்பது அவன் கருத்து. அதாவது நவம்பர் 27. விண்ணப்பத்தின் நாளிலிருந்து எண்ணுவோர் டிசம்பர் 1 என்றல்லவா கொள்வர்? புயல் வீசிய பின்னர் புறப்பட்டார் என்றாகிவிடும். ஆளைத் தேடுவோருக்கு நான்கு நாள் வேறுபாடு சிறிதன்று. 'வென்ட்' என்றும், 'ஆன் நவம்பர் 27' என்றும் திருத்தினேன்.

முதல் வரி, 'மை ஃபாதர் வாஸ் எ ஃபிஷர்மேன்' என்றிருந்தது. நடந்ததைக் கூறும் விண்ணப்பம் ஆதலின் எல்லா வினைகளையும் இறந்தகாலத்தில் எழுதவேண்டும் என்று பையன் கருதிவிட்டான். 'வாஸ்' என்பதை அடித்து 'இஸ்' என்று எழுதினேன். பையன் அதைப் பார்த்தான், பின் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. தாயார், "என்ன தப்பு சாரே?" என்று வினவினார். "சிறு எழுத்துப் பிழைதான், அம்மா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து அம்மகன் மற்றொரு விண்ணப்பத்தோடு வந்தான். நாளும் வினையும் முன்பின் சொற்களும் முறையாக அமைந்திருந்தன. முதல் வரியில் 'வாஸ்' என்று எழுதியிருந்தான். நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வினை அட்டவணையை மட்டும் ஒப்புவிக்கச் செய்து அமையாதீர்கள். நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதற்கு முன் நடந்தது என்று கேளுங்கள். மாணவன் தன் வாழ்வில் நடந்ததைத் தானே சொல்லட்டும்; தவறினால் பொறுமையோடு திருத்துங்கள். தனக்கு நேர்ந்ததைப் பிறர் ஐயமின்றி அறியுமாறு எடுத்துரைக்கும் ஆற்றலே மொழிப் பயிற்சியின் முதற்பயன்.