நீல கிட்டார் பொய் சொல்வதில்லை

பெங்களூரு பளேபேட்டையில் வீணையும் தபேலாவும் விற்கும் பழைய கடையானாலும் சரி, பிரிகேட் ரோடு பக்கத்து ஏசி ஷோரூமானாலும் சரி, கிட்டார் மாட்டிய சுவரில் இன்று மரநிறம் மட்டும் இருப்பதில்லை. ஆகாய நீலம், ரத்தச் சிவப்பு, மினுமினுப்பில்லாத கறுப்பு, ஓரம் கருத்து நடுவில் மஞ்சள் ஒளிரும் சன்பர்ஸ்ட் என்று எல்லாம் தொங்குகின்றன. முதல் கிட்டார் வாங்க வரும் பிள்ளையின் கை பெரும்பாலும் நீலத்தை நோக்கித்தான் நீள்கிறது. உடன் வந்த அப்பா கேட்பது ஒன்றுதான்: “பெயின்ட் அடிச்சா சவுண்டு குறையாதா?”

நியாயமான கேள்வி. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பிடித்துத் தருவது கம்பிக்குக் கீழே உள்ள காந்தச் சுருள். அதன் உடலுக்கு எந்தப் பெயின்டை அடித்தாலும் பெரிய நஷ்டமில்லை. அகூஸ்டிக் கிட்டாரில் அந்த வேலையைச் செய்வது ‘டாப்’ எனப்படும் மேல்பலகை. அதன் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையைத் தாங்கிக்கொண்டே, விரல் பட்ட மாத்திரத்தில் பலகை அதிர வேண்டும். அதன்மேல் ஏறும் ஒவ்வொரு பூச்சும் கூடுதல் எடை, அதிர்வுக்குக் கூடுதல் தடை. நல்ல தொழிற்சாலைகள் பூச்சை 0.1 மில்லிமீட்டர் அளவிலேயே நிறுத்தப் பார்க்கின்றன. மலிவான கிட்டார்களில் பாலியஸ்டர் பூச்சு அதைப்போலச் சில மடங்கு தடித்திருக்கும்.

ஆக, சத்தத்தைக் குறைப்பது பூச்சின் கனம். நிறத்துக்கு அதில் நேரடிப் பங்கில்லை. ஆனால் நிறம் கனத்தைக் கூட்டிவிட முடியும். மரத்தின் ரேகை தெரியும்படி நீலச் சாயத்தைத் தேய்த்து, மேலே மெல்லிய வார்னிஷ் அடித்தால் சாயம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும், கனம் ஏறாது. ரேகையே தெரியாத முழு நீலம் வேண்டுமென்றால் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் பளபளப்புப் பூச்சு என்று அடுக்க வேண்டும். கடையில் இரண்டுமே ‘ப்ளூ’தான். ரேகை தெரிகிறதா என்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். முதுகுப் பலகையிலும் பக்கங்களிலும் பூச்சு கொஞ்சம் கனத்தாலும் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் சில நிறுவனங்கள் உடல் முழுவதற்கும் நிறமடித்து, டாப்பை மட்டும் வெளிர் மரமாகவே விட்டுவிடுகின்றன.

இந்தியாவில் ஆரம்பநிலை மாணவர்கள் வாங்கும் வண்ண கிட்டார் பெரும்பாலும் 38 அங்குலம், ஒரு தோள் வெட்டிய ‘கட்அவே’ உருவம். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ‘லிண்டன்’ என்று போட்டிருக்கும். லிண்டன் வெளிறிய, மென்மையான மரம். எடுத்துக்காட்ட அதில் ரேகை அழகு ஏதுமில்லை. பெயின்ட் மட்டும் நன்றாக நிற்கும். அந்தக் கிட்டார் வண்ணத்தில் வருவதற்கு முதல் காரணம் இதுதான். பிளைவுட்டின் ஒட்டும், பலகை இணைப்பும், ஏதாவது ஒரு முடிச்சும் பெயின்டுக்கு அடியில் போய்விடுகின்றன. விலை உயர்ந்த சன்பர்ஸ்டிலும் கருத்த ஓரத்துக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு: பலகையின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குறைகள் அதில் மறைந்துவிடும்.

இந்த மலிவு ரகத்தில் இன்னொரு விசித்திரத்தையும் கவனிக்கலாம். சில கிட்டார்களில் கம்பிகள், டாப்பில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜோடு முடிவதில்லை. பிரிட்ஜைத் தாண்டிப் போய், அடியில் திருகிய ஓர் உலோகச் சட்டத்தில் மாட்டியிருக்கும். மாண்டலினிலும் பழைய ஜாஸ் கிட்டாரிலும் பார்க்கும் டெயில்பீஸ் இது. அழகுக்கு வைத்ததுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு. பிரிட்ஜை டாப்பில் ஒட்டுவதென்றால் அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, மரத்தோடு மரமாக ஒட்ட வேண்டும். பெயின்ட்மேல் ஒட்டிய பிரிட்ஜ் 70 கிலோ இழுவைக்கு நிற்காது, ஒருநாள் பெயர்ந்து வரும். டெயில்பீஸ் வைத்தால் இழுவை அடிக்கட்டைக்குப் போய்விடும். சுரண்டும் வேலையும் மிச்சம். கருவி உடையாமல் நிற்கும், ஆனால் கம்பி டாப்பை அசைக்கும் விதம் மாறுவதால் ஒலி மெலிந்து, சற்றே தகரச் சாயலோடு வரும்.

பெரிய நிறுவனங்களும் அழகுக்காக ஒலியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது உண்டு. 1962இல் கிப்ஸன் நிறுவனம் எவர்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர்களுக்காக ஒரு கறுப்பு கிட்டார் செய்தது. ஒலித்துளையின் இரு பக்கமும் பெரிய பிளாஸ்டிக் பிக்கார்டு தகடுகள் டாப்பின் பெரும்பகுதியை மூடியிருந்தன. மேடையில் அதன் தோற்றம் மறக்க முடியாதது. ஆனால் அத்தனை பிளாஸ்டிக்கைச் சுமந்த டாப் அதே உருவில் உள்ள மற்ற கிட்டார்களைப்போல முழங்கவில்லை.

ஃபெண்டர் நிறுவனம் 1960களின் பிற்பாதியில் செய்தது இன்னும் விநோதம். உயிரோடு நிற்கும் பீச் மரத்துக்குள் சாயத்தை ஏற்றினார்கள். சாறோடு சேர்ந்து சாயம் மரமெங்கும் பரவிய பிறகு வெட்டி, அறுத்துப் பலகையாக்கினார்கள். பச்சை, நீலம், ஊதா எல்லாம் ரேகையோடு ரேகையாக ஓடின. அந்தக் கிட்டார் வரிசைக்கு வைல்ட்வுட் என்று பெயர். ஃபெண்டரின் அகூஸ்டிக் கிட்டார்களை வடிவமைத்த ஜெர்மானியரான ரோஜர் ராஸ்மைஸ்ல், உடலுக்குள் கழுத்தடியிலிருந்து அடிக்கட்டை வரை ஓர் அலுமினியக் குழாயையும் ஓடவிட்டிருந்தார். ஒலித்துளை வழியாகப் பார்த்தால் அந்தக் குழாய் கண்ணில் படும். வைல்ட்வுட் நீண்ட நாள் விற்கவில்லை. ஆனாலும் நிறத்தை மரத்துக்கு வெளியே பூசாமல் மரத்துக்குள்ளேயே வளர்க்கப் பார்த்த அந்தத் துணிச்சலுக்காக எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

நிறமும் ஒலியும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் சேர்ந்த கருவி 1976இல் வந்தது. ஹெலிகாப்டர் பொறியாளர் சார்லஸ் கமான் தொடங்கிய ஒவேஷன் நிறுவனத்தின் ‘அடமாஸ்’ அது. முதுகுப் பக்கம் கிண்ணம்போல வளைந்த செயற்கைப் பொருள், டாப் கார்பன் இழை. நடுவில் ஒரு பெரிய துளைக்குப் பதிலாக இரு தோள்களிலும் சின்னச் சின்னத் துளைகள், அவற்றைச் சுற்றி இலை வடிவில் மரத்தகடுகள். அதன் நீலம் ஓரத்துக்குப் போகப் போகக் கருத்துக்கொண்டே போகும். கார்பனுக்கு என்று காட்ட வேண்டிய மரநிறம் ஏதுமில்லாததால் அங்கே நீலம் எதையும் மறைக்கவும் இல்லை.

நீல கிட்டாரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ‘நேச்சுரல்’ நிறத்தை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்ப்ரூஸ் மர டாப் புதிதாக இருக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளை. ஆண்டுகள் போகப் போகத்தான் தேன்நிறத்துக்கு வரும். அந்தத் தேன்நிறத்தை முதல்நாளே கொண்டுவர வார்னிஷில் மஞ்சள் கலந்து அடிப்பது தொழிற்சாலைகளில் சாதாரணம். மலிவு கிட்டாரில் விரல் அழுத்தும் கருகரு ஃபிரெட்போர்டு பெரும்பாலும் வெளிர்மரத்துக்கு ஏற்றிய கறுப்புச் சாயம். இன்னும் ஒரு படி மேலே போனால் ஹெச்பிஎல். காகித அடுக்குகளைப் பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்திச் செய்யும் தகடு அது. நம் சமையலறை அலமாரியில் ஒட்டும் சன்மைக்கா அந்த இனம்தான். அதில் தெரியும் மரரேகை அச்சடித்த படம். 2025 பிப்ரவரியில் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதையில் பாட வந்து போலீஸ் நிறுத்திய பாடகர் எட் ஷீரன், தொடக்க காலத்தில் உலகம் சுற்றியது மார்ட்டின் நிறுவனத்தின் குட்டி கிட்டாரோடு. அதன் முதுகும் பக்கங்களும் ஹெச்பிஎல். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசராத பொருள் என்பதால் அது கெட்ட கருவியாகிவிடாது. நீலம் தன்னைச் சாயம் என்று ஒத்துக்கொள்கிறது, அச்சடித்த பழுப்பு ஒத்துக்கொள்வதில்லை. அவ்வளவே வித்தியாசம்.

உண்மையான பழுப்பு எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் கதை கர்நாடகத்துக்குத் திரும்புகிறது. கிட்டார் உலகம் ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று கொண்டாடுவது நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம், கன்னடத்தில் பீட்டெ. குடகு, சிக்கமகளூரு, வடகன்னடக் காடுகளிலும், காபித் தோட்டங்களில் நிழல்மரமாகவும், இந்தப் பக்கம் கூடலூர், வயநாட்டிலும் வளர்கிறது. புதிதாக அறுத்த ஈட்டிப் பலகை ஊதாவாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுத்தான் பழுப்புக்கு மாறும். அதன் தூளை ஸ்பிரிட்டில் போட்டால் ஊதாச் சாயம் இறங்கும். பாலிஷ் போடுபவர் அசந்தால் அந்தச் சாயம் பக்கத்திலுள்ள வெள்ளை ஸ்ப்ரூஸில் வழிந்து கறையாகிவிடும். விலையுயர்ந்த கிட்டாரில் டாப்பும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில சமயம் மெல்லிய ஊதாக் கோடு தெரியும்.

ஒரு காலத்தில் கிட்டார் உலகம் கொண்டாடியது பிரேசில் ரோஸ்வுட்டை. 1960களின் கடைசியில் பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1833இலிருந்து கிட்டார் செய்துவரும் மார்ட்டின் நிறுவனம் 1969இல் தன் புகழ்பெற்ற டி-28 மாடலை இந்திய ஈட்டிக்கு மாற்றியது. அன்றிலிருந்து அந்தக் கிட்டாரின் முதுகு நம் காடுகளின் மரம். பிரேசில் மரத்தின் வணிகத்தை 1992இல், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை அநேகமாக முழுவதுமே அடைத்தது. 2017 ஜனவரியில் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் அதன் அனுமதிப் பட்டியலுக்குள் வந்தது. அதன் பிறகு விற்பனைக்கு எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் காகிதம் தேவைப்பட்டது. 2019இல் அந்த உடன்படிக்கையின் ஜெனீவா மாநாடு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கட்டையாக ஈட்டியை ஏற்றுமதி செய்ய இந்தியா விடுவதில்லை. தமிழ்நாடு 1994இலேயே ஈட்டி மரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் போட்டு, பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கவைத்தது. பலகையைப் பார்த்து இன்ன மரம் என்று சொல்வது வணிகத்துக்கும் சட்டத்துக்கும் தேவையான வேலை. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்தச் சோதனை நடக்கிறது.

கண்ணின் பிடிவாதம் காட்டை எப்படி அழிக்கிறது என்பதற்குக் கருங்காலியைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கருங்காலி மாலைக்கு இருக்கும் கிராக்கி தெரிந்ததே. கிட்டார் ஃபிரெட்போர்டுக்கும் முழுக்கறுப்புக் கருங்காலிதான் உயர்வு என்று காலங்காலமாக நம்பினார்கள். 2011இல் டெய்லர் கிட்டார்ஸ் நிறுவனம் ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியது. காட்டில் பத்து மரம் வெட்டினால் ஏறக்குறைய ஒன்றுதான் முழுக்கறுப்பு. பழுப்புக் கோடு ஓடியவற்றை விலை போகாது என்று அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அப்போதுதான் நிறுவனத்துக்குத் தெரிந்தது. கோடு இருந்தாலும் உறுதியில் குறைவில்லை. டெய்லர் அந்தக் கோடு போட்ட மரத்தையும் தன் கிட்டார்களில் வைக்கத் தொடங்கியது. கடைக்காரர் “பியூர் பிளாக்” என்று ஒரு ஃபிரெட்போர்டைப் புகழும்போதெல்லாம் காட்டில் கிடந்த அந்த ஒன்பது மரங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

நிறத்தைப் பற்றிய பேச்சில் அரக்கை விட்டுவிட முடியாது. கையால் செய்யும் உயர்ந்த கிளாஸிக்கல் கிட்டார்களுக்கு இன்றும் பிரெஞ்சு பாலிஷ் போடுகிறார்கள். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுத் துணிப் பொட்டலத்தில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் பூச்சு அது. அவ்வளவு மெலிதாக வேறெதுவும் அமைவது அரிது. அந்த அரக்கில் பெரும்பங்கு ஜார்க்கண்டிலும் சுற்றுப்புறக் காடுகளிலும் பூச்சிகள் சுரந்து தருவது. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மைசூரு சாலையில் இருக்கும் சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் தருவதும் அரக்குதான். அங்கே கடைசலில் சுழலும் வெட்பாலை மரத்தின்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; உராய்வுச் சூட்டில் அது உருகி ஒட்டும். பிறகு காய்ந்த தாழை மடலால் மெருகேற்றுவார்கள். கிட்டார் கடைசலில் சுழலும் பொருளில்லை என்பதால் ஸ்பிரிட்டும் பஞ்சும் வேண்டியிருக்கிறது. அரக்கின் குறை ஒன்றுதான்: வியர்வை ஆகாது. சென்னைப் புழுக்கத்தில் முழங்கை படும் இடம் சீக்கிரமே மங்கிப்போகும். பெங்களூரு அதற்குக் கொஞ்சம் தேவலை.

ஆனால் பெங்களூருக்கும் அதன் தொல்லை உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் காற்று நன்றாகவே வறண்டுவிடுகிறது. ஒட்டில்லாத முழுமரப் பலகையான சாலிட் டாப் சுருங்கும், ஃபிரெட் கம்பிகளின் முனை ஓரத்தில் கையைக் கீறும். பிளைவுட் இதற்கெல்லாம் அசையாது. கறுப்பு, கருநீல கிட்டாரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. அடர்நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும். 60 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் பசை இளகி பிரிட்ஜ் தூக்கும். சிவப்புக்கு வேறு கவலை. ஜன்னல் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் சில சிவப்புச் சாயங்கள் வெளிறிவிடும். 1950களின் கடைசியில் வந்த கிப்ஸன் செர்ரி சன்பர்ஸ்ட் கிட்டார்கள் பல இன்று தேநீர் நிறத்தில் இருப்பது அதனால்தான். முழுநிறப் பூச்சில் விழுந்த கீறலை அதே நிறத்தில் ஒட்டுப்போடுவதும் எளிதல்ல.

கடையில் வாங்கும்போது செல்போன் டார்ச்சை ஒலித்துளைக்குள் அடித்துப் பாருங்கள். துளையின் விளிம்பில் மூன்று அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மேலே தெரியும் ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கி வந்தால் சாலிட் டாப். விளிம்புக்கும் பெயின்ட் அடித்திருந்தால் டாப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் நிறமடிப்பதில்லை. பிரிட்ஜுக்கும் டாப்புக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் வேண்டாம். கடைசியாக 12ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பழகும் பிள்ளைக்கு விரல் நோகும், ஒரு மாதத்தில் கிட்டார் மூலைக்குப் போகும். அந்த உயரத்தைக் கடையிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் பிள்ளை கேட்கும் நீலத்தையே வாங்கிக் கொடுக்கலாம்.