கடைக் கொப்பிக்கும் ஒரு பிரதி வேண்டும்

வட்டுக்கோட்டை என்றதும் 1976 மே 14ஆம் திகதித் தீர்மானமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்த ஊரின் தாள்கள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தன. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. செமினரி நடந்த காலம் முழுவதும் மிஷனரிகள் பொஸ்டனில் இருந்த தலைமையகத்துக்குக் கடிதங்களும் அறிக்கைகளும் அனுப்பினார்கள். அந்தத் தலைமையகத்தின் ஆவணங்கள் இன்று ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வட்டுக்கோட்டையின் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆராய்பவர்கள் அங்கே போய்த் தேடுகிறார்கள்.

அந்தத் தாள்கள் தப்பியதற்கு யாருடைய தீர்க்கதரிசனமும் காரணமல்ல. மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுதியவை அவை. ஆனால் எழுதியவை இரண்டு இடங்களில் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தவற்றுக்கு என்ன நடக்கும் என்பதை 1981 ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது யாழ்ப்பாணம் பார்த்தது. பொது நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களில், வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவேயில்லை.

கடைகளையும் ஆலைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பார்த்து, "தாளை விட்டுக் கணினிக்கு மாறுங்கள்" என்று சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் வேகமும் இட மிச்சமும்தான். கொழும்பில் மாதம் இத்தனை ரூபாய் என்று வாடகை கொடுத்து அலுவலகம் நடத்துபவருக்கு அது சரியாக இருக்கலாம். வலிகாமத்தில் காரணம் வேறு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி புறப்பட்டவர்களில் கடை வைத்திருந்தவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள், நகை, அடையாள அட்டை, கிடைத்தால் காணி உறுதி. கடன் கொப்பியையும் கொள்வனவுச் சிட்டைக் கட்டையும் சைக்கிளில் கட்டியவர்கள் மிகச் சிலர்தான். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. பிறகு நட்டஈட்டுக்காகப் புனர்வாழ்வு அதிகாரசபைக்கும், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்கும்போது, கடை இருந்தது என்பதற்கே ஏதாவது ஒரு தாள் தேவைப்பட்டது.

காணி உறுதியின் கதை இதைவிட நல்லது. அதிலிருந்து நாம் கற்க ஏதோ இருக்கிறது. நொத்தாரிசு ஓர் உறுதியை முடித்தால் மூலப்பிரதி உரிமையாளரிடம் போகும். இரட்டைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இன்னொரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மூன்று பிரதி, மூன்று இடம், மூன்று வெவ்வேறு பொறுப்பாளர். பெட்டியோடு உறுதியைத் தொலைத்த எத்தனையோ குடும்பங்கள் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுத்துத் தப்பியது இந்த ஏற்பாட்டால்தான். கணினிக்காரர்கள் இன்று பெரிய விடயமாகச் சொல்லும் விதியும் இதேதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஒரு கடையின் கடன் கொப்பிக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் உண்டு, அதுவும் மேசை இலாச்சிக்குள். கணினிக்கு மாறுவதன் முழுப் பயனும், அந்தக் கொப்பிக்கு இரண்டாவது, மூன்றாவது பிரதியைச் செலவில்லாமல் எடுக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

எங்கே தொடங்குவது? பரணில் இருக்கும் முப்பது வருடப் பைல்களில் அல்ல. அங்கே தொடங்கியவர்கள் இரண்டாவது கிழமையிலேயே களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். ஒரு திகதியைக் குறித்துக்கொண்டு, அன்று முதல் கடைக்குள் வரும் ஒவ்வொரு தாளையும் அன்றன்றே படமெடுப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. பழையதில் தேவையானதை மட்டும் பின்னோக்கிப் போய் எடுக்கலாம்: வியாபாரப் பெயர் பதிவுச் சான்றிதழ், அனுமதிப்பத்திரங்கள், வங்கிக் கடன் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், வரிக் கடிதங்கள், காணி உறுதி. ஒரு சிறு கடைக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதற்கு ஸ்கானர் வாங்க வேண்டியதில்லை. அன்ரொயிட் கைத்தொலைபேசியில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே தாளை ஸ்கான் செய்து பி.டி.எப். ஆக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் குறிப்புச் செயலியில் இருக்கிறது. நிழல் விழாமல், தாளின் நான்கு மூலையும் தெரியும்படி எடுத்தால் போதும். முதலில் எடுக்க வேண்டியவை வெப்பத்தாளில் அச்சாகும் பில்கள். கடையில் தரும் வழவழப்பான சிறு சீட்டுகள், வங்கி இயந்திரத் துண்டுகள் எல்லாம் அந்த வகைதான். அந்த எழுத்து மை அல்ல, சூட்டில் கறுக்கும் ஒரு பூச்சு. நமது வெயிலில் சில மாதங்களிலேயே வெற்றுத்தாளாகிவிடும். பைலில் கவனமாகக் கோர்த்து வைத்தாலும் பயனில்லை.

படமெடுப்பது சுலபம். ஒரு வருடம் கழித்து அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். "வைபரில் அனுப்பி வைத்திருக்கிறேன்" என்பது ஆவணத்தைப் பேணுவதாகாது. அங்கே பிறந்தநாள் வாழ்த்துக்கும் சீமெந்துப் பில்லுக்கும் இடையில் எதையும் தேடி எடுக்க முடியாது. படமும் சுருங்கித் தெளிவிழந்துவிடும். இந்த விடயத்தில் நம்மிடமே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், அதன் கீழே ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்ற விபரங்கள். அந்த விபரங்கள் இல்லாவிட்டால் அத்தனை ஆயிரம் பி.டி.எப். கோப்புகளும் ஒரு பெரிய சாக்குமூட்டைதான். கடைக்கு இதன் சிறிய வடிவம் போதும். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள். அதன்பின் யாரிடமிருந்து வந்தது, என்ன தாள், அதன் இலக்கம். ஆண்டை முதலில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து முதலாம் திகதிகளும் ஒன்றாக வந்து நிற்கும்.

ஏற்கனவே கணினியில் தட்டிய கடிதங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும்; தமிழில் தேடினால் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்து, பி.டி.எப். ஆகவும் சேமித்துவிடுங்கள்.

தாளைக் கிழித்துப் போடலாமா என்ற கேள்விக்கு, எல்லாவற்றையும் அல்ல என்பதுதான் பதில். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட வலுவை மறுக்க முடியாது என்கிறது. அதே சட்டம் சிலவற்றை விலக்கியும் வைத்திருக்கிறது. மரண சாதனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை உறுதி ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றுக்குக் கையொப்பமிட்ட தாளே ஆவணம். உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பது அதன் படம். கடன் வாங்கியவர் கையொப்பம் வைத்த கொப்பிப் பக்கத்தையும் நான் எறியமாட்டேன். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் கையொப்பம்தான்.

கணினியில் ஏற்றியதும் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு 2023இல் அரசாங்கமே பாடம் நடத்தியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினி மீது பணயத் தாக்குதல் நடந்தது. பூட்டப்பட்ட தரவுகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்குப் பிரதியே இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து போய்விட்டது. ஒரு நாட்டின் அரசுக்கே இப்படி என்றால், ஒரே கூகுள் கணக்கில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் கடைக்காரர் எம்மாத்திரம்? இலவசக் கணக்கில் 15 ஜிகாபைட் வரைதான் இடம். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கை நீக்கிவிடும் உரிமையும் அந்த நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமலிருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்ற பட்டியலைக் கிழமைக்கு ஒருமுறை அச்செடுத்து வைப்பது பழமைவாதம் ஆகாது.

மூன்றாவது பிரதிக்கு பலரும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் தம்பியை, மச்சானை நினைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கொப்பியில் இருப்பது உங்கள் விடயம் மட்டுமல்ல. யார் எவ்வளவு கடன், யாருடைய தொலைபேசி இலக்கம், யாருக்கு எங்கிருந்து பணம் வந்தது என்பது ஊராருடையது. பெயரும் முகவரியும் எழுதிய ஒரு கொப்பி தவறான கையில் கிடைத்தால் என்னவாகும் என்று சுற்றிவளைப்புக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் பயத்தில் தாங்களே எரித்த தாள்களும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போதுதான் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறது. வெளியே அனுப்பும் பிரதியைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புங்கள். வியாபாரத்துக்குத் தேவையில்லாத விபரத்தை, அடையாள அட்டையின் படம் போன்றவற்றை, முதலிலேயே வாங்காதீர்கள்.

கடைசியாக, கடவுச்சொல். பல கடைகளில் அது மகனுக்கோ கடைப் பெடியனுக்கோ மட்டும்தான் தெரியும். அவர் வெளிநாடு போகிறார், தொலைபேசி இலக்கம் மாறுகிறது, உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி பழைய இலக்கத்துக்குப் போகிறது, கணக்கு திறக்காது. கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். பிறகு ஒரு நாள், உங்கள் கைத்தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு, போன வருடத்துச் சீமெந்துப் பில் ஒன்றை வேறொரு கணினியில் எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் கேளுங்கள்.