நாலு மணிக்கு மாறும் வாசல்: வியன்னா பிரசவத் துறையின் பழைய கணக்கு

மே 5 உலகக் கை சுகாதார நாள். பேச்சுப் போட்டி, சுவரொட்டி, வினாடி வினா என்று அதற்குத் தயாராகும் நர்சிங் மாணவிகளும் ஆசிரியர்களும் எழுதிய கடிதங்கள் குவிந்துகிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றியவை: 1840களில் வியன்னா பிரசவத் துறையில் டாக்டர்களைக் கை கழுவவைத்துத் தாய்மார் சாவைக் குறைத்த இக்னாஸ் செமல்வைஸ். ஆனால் ஆளுக்கொரு கதை. ஒருவர் அவரைத் துறைத் தலைவர் ஆக்கியிருக்கிறார். இன்னொருவர் நோபல் பரிசே கொடுத்துவிட்டார். (அந்தப் பரிசு தொடங்கியது 1901இல், இவர் இறந்தது 1865இல்.) மருத்துவச்சிகள் கை கழுவினார்கள், டாக்டர்கள் கழுவவில்லை, விஷயம் அவ்வளவுதான் என்று முடித்துவிட்டவர்களும் உண்டு. அதுவும் தப்பு.

போட்டிகளுக்கு முன்னால் இதைத் தெளிவாக்கச் சொல்கிறார்கள். கை ஏன் கழுவ வேண்டும் என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. பிரசவித்த தாய்மாரைக் கொன்ற காய்ச்சலான பிரசவ ஜன்னியைப் பற்றி வீட்டில் பாட்டி இருந்தால் சொல்லிவிடுவார். நான் எடுத்துக்கொள்வது வியன்னா பல்கலைக்கழகத்தின் பிரசவத் துறை கர்ப்பிணிகளை உள்ளே எடுத்த முறையை. செமல்வைஸின் கண்டுபிடிப்பு முழுக்க அதற்குள்தான் இருந்தது. அதைக் கண்டுகொள்ள அந்தத் துறைக்கு ஏன் ஏழு வருஷம் ஆனது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அது எப்படிப்பட்ட துறை?

பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1784இல் வியன்னா பொது மருத்துவமனையைத் திறந்தார். பிரசவ இல்லம் அதில் ஒரு பகுதி. பெண்களின் மற்ற நோய்களுக்கான சிகிச்சை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் துறை என்றாலே பிரசவம்தான். மணமாகாத தாய் அவமானத்துக்கு அஞ்சிச் சிசுவைக் கொல்லக் கூடாது, அதற்காகவே இந்தக் கருணை என்பது அரசாங்கத்தின் விளக்கம். இலவசப் படுக்கை, இலவசச் சாப்பாடு. குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் பக்கத்திலிருந்த அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுப் போகலாம், அதற்கும் காசில்லை.

இங்கே இலவசம் என்பதை நாணயமாக வாங்கவில்லை என்று மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். பதிலுக்கு அந்தப் பெண் மாணவர்களின் பாடத்துக்குத் தன் உடம்பைத் தர வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவராக மாணவர்கள் உள்ளே கைவிட்டுப் பரிசோதிப்பார்கள். பணம் கட்டும் பிரிவு தனியே இருந்தது. அங்கே போகிறவள் முகத்தை மூடிக்கொண்டு வரலாம், பெயரை ஒட்டிய உறைக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். மாணவர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. கருணைக்கு இரண்டு வாசல் இருந்தது என்றே நான் எழுதுவேன்.

1789இல் பொறுப்பேற்ற யோஹன் லூக்காஸ் போயர், பிரசவத்தில் தேவையில்லாமல் ஆயுதம் வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். பிணத்தை வைத்துப் பிரசவம் கற்பிக்க மறுத்தார். பொம்மையை வைத்தே கற்பித்தார். இல்லம் திறந்த 1784 முதல் அவர் விலகிய 1822 வரை நடந்த பிரசவங்கள் 71,395. இறந்த தாய்மார் 897 பேர், நூற்றுக்கு ஒன்றேகால். அவருக்குப் பிறகு யோஹன் க்ளைன் வந்தார். கற்பிக்கும் மேசைக்குப் பிணமும் வந்தது. 1822இல் 3,066 பிரசவங்களுக்கு 26 மரணம். அடுத்த வருஷமே 2,872 பிரசவங்களுக்கு 214.

இந்த இரண்டு வரியையும் யாராவது அன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லை.

இரண்டு கிளினிக் எதற்கு? யார் எதில் சேர்ந்தார்கள்?

கூட்டம் தாங்காமல் 1833இல் துறையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் மாணவர்களும் மருத்துவச்சிப் பயிற்சிப் பெண்களும் இரண்டிலும் கலந்தே படித்தார்கள். இரண்டிலும் மரணம் ஏறக்குறைய ஒரே அளவு. 1840 அக்டோபரில் வந்த அரசாணை ஆண் மாணவர்களை எல்லாம் முதல் கிளினிக்குக்கும், மருத்துவச்சிகளை எல்லாம் இரண்டாவதுக்கும் அனுப்பியது. நிர்வாக வசதிக்காகப் போட்ட உத்தரவு. யாருக்கும் அதில் ஒரு பரிசோதனை நடத்தும் எண்ணம் இருந்திருக்காது.

இனிக் கர்ப்பிணி எந்த வாசலில் நுழைவாள்? அதைக் கடிகாரம் தீர்மானித்தது. திங்கள் மாலை நாலு மணிக்கு முதல் கிளினிக்கில் அனுமதி தொடங்கும். செவ்வாய் நாலு மணிக்கு அது மூடி இரண்டாவது திறக்கும். புதன் நாலு மணிக்கு மறுபடி முதலாவது. இப்படியே மாறி மாறிப் போய், வெள்ளி நாலு மணி முதல் ஞாயிறு நாலு மணி வரை மட்டும் முதல் கிளினிக்குக்குத் தொடர்ந்து 48 மணி நேரம். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 'இன்னைக்கு எந்த யூனிட் அட்மிஷன்?' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை.

இதன் அருமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடுப்பு வலி நாலு மணி பார்த்து வருவதில்லை. மூன்றே முக்காலுக்கு வந்தவளும் நாலேகாலுக்கு வந்தவளும் ஒரே மாதிரிப் பெண்கள்: ஒரே ஏழ்மை, ஒரே நகரம், ஒரே சாப்பாடு. இரண்டு கிளினிக்கும் ஒட்டியே இருந்தன, முன்னறை ஒன்றுதான். மாறியது உள்ளே தொடுகிற கை மட்டும். இன்றைக்கு மருந்துகளைச் சோதிக்கும்போது சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள் இல்லையா, அதை வியன்னாவில் ஒரு குமாஸ்தாவின் அட்டவணை தினமும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. முடிவும் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. 1846ஆம் ஆண்டின் கணக்கு இது: முதல் கிளினிக்கில் 4,010 பிரசவம், 459 மரணம். இரண்டாவதில் 3,754 பிரசவம், 105 மரணம். நூற்றுக்குப் பதினொன்றரைக்கு எதிரே மூன்றுகூட இல்லை.

அதிகாரிகளும் பேராசிரியர்களும் சொன்ன காரணங்களை இந்த அட்டவணையோடு வைத்துப் பார்க்கலாம். காற்றில், பருவத்தில், பூமியில் ஏதோ நச்சு இருக்கிறது என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே காற்றுதானே? பயம்தான் காரணம் என்றார்கள். சாகும் பெண்ணுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் போகும் பாதிரியாரின் மணியோசை மற்றவர்களைக் கலங்கவைக்கிறதாம். செமல்வைஸ் அவரை மணியடிக்காமல் சுற்றுவழியில் வரச் சொன்னார், எண்ணிக்கை அசையவில்லை. அரசுக் குழு ஒன்று, ஆண் மாணவர்கள், அதிலும் வெளிநாட்டவர்கள், முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. மாணவர் எண்ணிக்கையை 42இலிருந்து 20ஆகக் குறைத்தார்கள், வெளிநாட்டவரை ஏறக்குறைய முழுக்க விலக்கினார்கள். சில மாதம் மரணம் குறைந்தது. 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாகத் தாவியது. வெளியூர்க்காரன் மேல் பழிபோடுவது எல்லாக் காலத்திலும் குழுக்களுக்குக் கைகொடுக்கிறது.

கூட்ட நெரிசல்தான் காரணம் என்று இன்னொரு வாதம். இதற்கு நாமே வகுத்துப் பார்க்கலாம். முதல் கிளினிக் வாரத்துக்கு நாலு நாள் திறந்தது, இரண்டாவது மூன்று நாள்தான். 1846இல் ஓர் அனுமதி நாளுக்கு முதலாவதில் சராசரி 19 பிரசவம், இரண்டாவதில் 24. நெரிசல் கொல்லுமானால் இரண்டாவதில்தான் அதிகம் பேர் செத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த 19க்கும் 24க்கும் இடையிலான வித்தியாசம் வேறொன்றையும் சொல்கிறது. வலி எந்த நாளில் வருமென்று பெண்ணின் கையில் இல்லை என்றால் இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முதல் கிளினிக் நாளென்று தெரிந்ததும் மண்டியிட்டு, கைகூப்பி, எங்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியவர்களைப் பற்றிச் செமல்வைஸே எழுதியிருக்கிறார். பலர் நாலு மணிக்காகக் காத்திருந்திருப்பார்கள் என்றே நான் இந்த எண்ணைப் படிக்கிறேன். அப்படியானால் சீட்டுக் குலுக்கல் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. பேராசிரியர்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில், ஏழை வேலைக்காரப் பெண்கள் அட்டவணையைப் படித்துவிட்டார்கள்.

தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்கள் கதை இன்னும் விசித்திரம். வரும் வழியில் பிரசவம் ஆகிவிட்டது என்றால் அநாதை இல்லச் சலுகை கிடைக்கும், மாணவர்களிடம் உடம்பைக் காட்டவும் வேண்டாம். சிலர் நகரத்துக்குள் தனி மருத்துவச்சியிடம் பெற்றுக்கொண்டு, வண்டி பிடித்து வந்து, தெருவில் பிறந்தது என்று சொல்லிச் சேர்ந்தார்கள். உதவியில்லாமல், குளிரில் பெற்றதாகப் பதிவான இந்தப் பெண்களுக்கு ஜன்னி மிகக் குறைவாகவே வந்தது. அவர்களை மாணவர் யாரும் தொட்டிருக்கவில்லை.

பதிவேட்டு எண்களையாவது அப்படியே நம்பலாமா? அதுவும் முடியாது. ஜன்னி கொழுந்துவிட்ட காலங்களில் முதல் கிளினிக் தன் நோயாளிகளைப் பொது வார்டுகளுக்கு மாற்றியது. அவர்கள் அங்கே இறந்தால் மரணம் அங்கேதான் எழுதப்படும். இரண்டாவது கிளினிக் அப்படி மாற்றியது அரிது. ஆக உண்மையான இடைவெளி மேலே சொன்னதைவிடப் பெரியது. புள்ளிவிவரத்தை நோயாளியின் கட்டிலோடு சேர்த்து நகர்த்திவிடும் இந்தக் கலை அன்றே தேர்ந்திருந்தது.

மருத்துவச்சிகள் கை கழுவினார்களா?

தனியாக எதுவும் இல்லை. அவர்கள் பிண அறைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மாணவர்களும் டாக்டர்களும் காலையில் பிணம் அறுத்துவிட்டு நேரே பிரசவ அறைக்குப் போனார்கள். சோப்பு போட்டார்கள், கையில் நாற்றம் போகவில்லை.

செமல்வைஸுக்கு எப்படிப் பிடிபட்டது?

ஒரு நண்பரின் சாவில். தடயவியல் பேராசிரியர் யாகோப் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு 1847 மார்ச்சில் இறந்தார். அவர் உடலில் கண்டதெல்லாம் ஜன்னியில் செத்த பெண்களின் உடலில் கண்டவையே. மே மாத நடுவில் கை கழுவக் குளோரின் கலந்த நீர் வாசலில் வைக்கப்பட்டது. செலவு குறைக்கப் பிறகு குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு. 1848இல் முதல் கிளினிக்கில் 3,556 பிரசவத்துக்கு 45 மரணம், இரண்டாவதில் 3,219க்கு 43.

பிணம் மட்டும்தான் காரணமா?

இல்லை. 1847 அக்டோபரில் வரிசையின் முதல் கட்டிலில் கருப்பைப் புற்றுநோயாளி ஒருவர் படுத்திருந்தார். அவரைப் பரிசோதித்த பிறகு வரிசையில் மற்றவர்களைத் தொட்டார்கள். சேர்ந்தாற்போல் பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கழுவ வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

கிருமியை அவர் கண்டாரா?

இல்லை. பிணத்திலிருந்து ஒட்டிவரும் துகள் என்று மட்டும் சொன்னார்.

வியன்னா முழுக்க அவரை எதிர்த்ததா?

அதுவும் மிகை. அங்கிருந்த டாக்டர்கள் ரொக்கிட்டான்ஸ்கி, ஸ்கோடா, ஹெப்ரா மூவரும் அவர் பக்கம். ஹெப்ரா 1847 டிசம்பரிலேயே இதைப் பற்றி எழுதினார். செமல்வைஸ் தன் புத்தகத்தை வெளியிட்டது 1861இல்தான்.

அவரைத் துறை வெளியேற்றியதா?

அவர் உதவியாளர் மட்டுமே, தலைவர் க்ளைன். 1849 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிப்புத் தரவில்லை. கார்ல் பிரவுனுக்கு அந்த இடம் போனது. 1850இல் விரிவுரையாளர் அனுமதி கொடுத்தார்கள், பொம்மையில் மட்டும் கற்பிக்கலாம் என்ற நிபந்தனையோடு. போயர் தானே விரும்பி வைத்திருந்த பொம்மை, இவருக்குத் தண்டனையாக வந்தது. சில நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

எங்கே?

பெஸ்டுக்கு. இன்றைய புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969 முதல் அவர் பெயரில்.

பைத்தியக்கார மருத்துவமனையில் இறந்தது உண்மையா?

உண்மை. 1865 ஆகஸ்ட் 13, வியன்னாவில், சேர்த்த இரண்டே வாரத்தில். வயது 47.

பிரசவத் துறை இருந்த அந்தப் பொது மருத்துவமனைக் கட்டடம்?

பழைய வளாகம் 1998 முதல் வியன்னா பல்கலைக்கழகத்தின் பிற துறைகளுக்கு.

சுவரொட்டி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தில் ஒன்பது தாய்மார் இறந்தார்கள் என்று பல கடிதங்களில் இருக்கிறது. அப்படி எழுதாதீர்கள். முதல் கிளினிக்கின் கொடிய மாதங்களில் ஒன்று 1842 டிசம்பர்: 239 பிரசவம், 75 மரணம். அதற்கு மேல் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.