முடங்கிய கை மீண்டும் அசைவது எப்படி?

பக்கவாதம் வந்து விழுந்துபோன கை, சிலருக்கு மீண்டும் அசைகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். செத்துப்போன மூளை பிழைத்துக் கொள்கிறதா?

இல்லை!

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டாலோ, வெடித்தாலோ, மூளையின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. செத்த பகுதிக்கு மீண்டும் உயிர் வராது. அப்படியானால் கையை அசைப்பது எது?

லண்டனில் சோதனை

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் டாக்டர் சோலே என்பவரும் வேறு சில டாக்டர்களும் இதை ஆராய்ந்தார்கள். வாதம் வந்து குணம் அடைந்த 6 பேரைச் சோதித்தார்கள். 1991-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாயும். அதைக் காட்டும் எந்திரத்தில் நோயாளியைப் படுக்க வைத்தார்கள். கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார்கள். அப்போது மூளையைப் படம் பிடித்தார்கள்.

வலது கையை அசைப்பது மூளையின் இடது பக்கம். இடது கையை அசைப்பது வலது பக்கம். நோயாளி நல்ல கையை அசைத்தபோது, படமும் அப்படியே இருந்தது. குணமான கையை அசைத்தபோதோ, மூளையின் இரண்டு பக்கமும் வேலை செய்தன!

குடும்பம் போல

வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் என்ன நடக்கும்? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பாரம் சுமப்பார்கள். மூளையிலும் அதுதான் நடக்கிறது.

2003-ம் ஆண்டில் லண்டன் டாக்டர்கள் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் 8 நோயாளிகளைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பப் படம் பிடித்திருந்தார்கள். முதலில் மூளையின் பல இடங்கள் சேர்ந்து பாடுபட்டன. கை தேறத் தேற, அந்த இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. நன்றாகத் தேறியவர்களின் படம், நோய் இல்லாதவர்களின் படத்தைப் போலவே ஆகிவிட்டது.

வீட்டார் கவனிக்க

மூளை புது வேலையைப் பழகித்தான் கற்றுக் கொள்ளும். ஆகவே, டாக்டர் சொல்லும் பயிற்சியை நோயாளி தினமும் செய்ய வேண்டும். "பாவம்" என்று எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். டம்ளரைப் பிடிக்க முடிந்தால், அவரே பிடிக்கட்டும். சிந்தினால் துடைத்துக் கொள்ளலாம்.

எல்லோருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை. எவ்வளவு மூளை தப்பியது என்பதைப் பொறுத்தது அது. அதனால் வாய் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்!