கணினியில் டோக்கன் யார் கையில்?

நமது சங்கப் படிப்பகத்துக் கணினியை அறியாத அன்பர் இங்கு இரார். குழந்தைகளின் தமிழ்ப் பாடங்களும் இவ்விதழின் பக்கங்களும் அதிலேதான் உருவாகின்றன. பெரியவர்கள் சிலர் தங்கள் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும் அதிலேயே. சென்ற மாதம், இதழ் அச்சுக்குப் போக இரண்டே நாள் இருக்கையில், அது நம்மிடம் பிணக்குக் கொண்டது. பக்கம் அமைக்கும் நிரலில் தமிழைத் தட்டினால் ஆங்கில எழுத்துக்களே விழுந்தன. ஆனால் பக்கத்துச் சாளரத்தில் தட்டினால் தமிழ் குறைவின்றி வந்தது. ஆகவே விசைப்பலகையிலும் பழுதில்லை. தமிழ் எழுத்துத் தருவதற்கென்று நாம் தனியாக நிறுவியிருந்த சிறு நிரலிலும் பழுதில்லை.

பார்க்க வந்த இளைஞர் ஒருவர், அந்தச் சிறு நிரலை நிர்வாகி அதிகாரத்துடன் ஓட விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தியில் கூறி, இரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்க முனைந்தார். நாம் தடுத்துவிட்டோம். அவர் கூறியது பலிக்கக்கூடிய உபாயமே. ஆயினும் எந்த நிரலுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பாராமல் மேலும் அதிகாரம் வழங்குவது நமக்குச் சம்மதமாயில்லை.

இரயில்வே எழுத்தர் உத்தியோகத்தில் காலம் கழிக்கும் நமக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒற்றைப் பாதைப் பகுதிகளில் நிலைய அதிகாரி கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்தை எடுத்து ஓட்டுநரிடம் சேர்ப்பிக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. அந்தப் பந்து கைக்கு வந்தாலன்றி வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாகாது. அதற்கு டோக்கன் என்று பெயர். விண்டோஸ் கணினியிலும் அதிகாரத்துக்கு அதே பெயர்தான் வழங்குகிறது என்று அறிந்தபோது, வெளியூரில் உறவினரைக் கண்டாற்போல் நமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

நிர்வாகிக் கணக்கில் ஒருவர் நுழைந்தவுடன் விண்டோஸ் இரண்டு டோக்கன்களை ஆக்குகிறது. ஒன்று முழு அதிகாரமுடையது. மற்றொன்று அதிகாரம் குறைக்கப்பட்டது. நாம் வழக்கமாகத் திறக்கும் நிரல்கள் குறைந்த டோக்கனுடனேயே ஓடும். ஒரு நிரலுக்கு முழு டோக்கன் வேண்டுமாயின், பெரும்பாலும் திரை மங்கி, அனுமதிக்கலாமா என்ற வினா எழும். 'எஸ்' என்பதை அழுத்தினால்தான் அது கிடைக்கும். 2007-இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விஸ்டா முதல் இவ்வேற்பாடு நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய எக்ஸ்பியில் நிர்வாகி திறந்ததெல்லாம் முழு அதிகாரத்துடனேயே ஓடிற்று. ஆகவே இன்று, நம் கணக்கு நிர்வாகிக் கணக்காயிருப்பது வேறு. நாம் திறந்த நிரல் நிர்வாகி அதிகாரத்துடன் ஓடுவது வேறு. பலர் இடறுவது இங்கேதான்.

நேரில் பார்த்துவிடும் வழி கடினமன்று. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டீட்டெயில்ஸ்' என்ற பகுதிக்குச் சென்று, பட்டியலின் தலைப்பு வரிசையில் வலப்புறப் பொத்தானைச் சொடுக்கி, 'செலக்ட் காலம்ஸ்' என்பதைத் தேர்ந்து, 'எலிவேட்டட்' என்பதற்கு அடையாளமிடவேண்டும். உடனே ஒவ்வொரு நிரலுக்கும் நேரே 'எஸ்' அல்லது 'நோ' என்று தோன்றும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு.

நாம் பார்த்தோம். பக்கம் அமைக்கும் நிரலுக்கு நேரே 'எஸ்'. தமிழ் எழுத்து நிரலுக்கு நேரே 'நோ'. மர்மம் வெளியாயிற்று. குறைந்த அதிகாரமுடைய நிரல், மிகுந்த அதிகாரமுடைய நிரலின் சாளரத்துக்குள் எழுத்துக்களைச் செலுத்த விண்டோஸ் இடந்தராது. பக்க அமைப்பு நிரலின் குறும்படத்தில் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியைப் பார்த்தால், எப்போதும் நிர்வாகியாகவே ஓடுக என்ற கட்டத்தில் யாரோ அடையாளமிட்டிருந்தார்கள். அதை நீக்கி நிரலை மூடித் திறந்தோம், தமிழ் வந்தது.

இளைஞரின் உபாயத்தை ஏன் மறுத்தோம் என்பதும் இப்போது விளங்கும். நாம் தட்டும் எழுத்தெல்லாம் ஏற்கெனவே அந்தச் சிறு நிரலின் வழியே செல்கின்றன. கணினி முழுவதையும் மாற்றியமைக்கும் உரிமையையும் அதற்கு அளிப்பானேன்? அன்றியும், அதிகாரம் பெற்ற நிரல் தான் திறக்கும் வேறு நிரலுக்கும் பொதுவாக அவ்வதிகாரத்தையே கொடுத்துவிடுகிறது.

கட்டளைச் சாளரத்தில் வேலை செய்வோர் அதன் தலைப்பைப் பார்த்தாலே போதும். முழு அதிகாரம் இருப்பின் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று தொடங்கும். ஐயமிருந்தால் 'ஹூ ஆம் ஐ' என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி எழுதி, ஓரிடம் விட்டுச் சாய்கோடும், அதையொட்டி 'குரூப்ஸ்' என்ற சொல்லும் தட்டலாம். விடையில் 'ஹை மேண்டேட்டரி லெவல்' என்றிருந்தால் அதிகாரம் உண்டு. 'மீடியம்' என்றிருந்தால் இல்லை. அப்பட்டியலில் நிர்வாகிகள் குழுவின் பெயரைக் கண்டு ஏமாறலாகாது. அது குறைந்த டோக்கனிலும் காணப்படும், மறுப்பதற்கு மட்டுமே என்ற குறிப்புடன்.

மின்சாரம் துண்டிக்கப்படும் என்று தொலைபேசியில் அச்சுறுத்தி, ஏதோ ஒரு நிரலை நிறுவச் சொல்லும் வஞ்சகர்களைப் பற்றி அன்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திரை மங்கியதும் நிரலின் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் படியாமல் 'எஸ்' அழுத்துவது அவர்களுக்கு வாயிற்கதவைத் திறந்துவிடுவதாகும். எனினும் 'நோ' என்றிருக்கும் நிரலெல்லாம் சாது என்று எண்ணவேண்டாம். நம் கடிதங்களைப் படிக்கவும் புகைப்படங்களை அழிக்கவும் குறைந்த டோக்கனே போதுமானது.

படிப்பகக் கணினியில் குழந்தைகளுக்கென்று சாதாரணக் கணக்கொன்றைத் திறந்திருக்கிறோம். நிர்வாகிக் கடவுச்சொல் செயலாளரிடம் இருக்கிறது. சென்ற இதழ் ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு இதுவே காரணம், வாசகர்கள் பொறுத்தருள்க.