முதல்ல செட்டில் ஆகிக்கறேன்... அப்புறம் சர்வீஸ்!

ஃபைனல் இயர் ஹாஸ்டல் பக்கம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போனால், இந்த டயலாக் கண்டிப்பாகக் காதில் விழும். ‘‘எனக்கும் நாலு பேருக்கு நல்லது பண்ணணும்னு ஆசைதான் மச்சி. முதல்ல வேலை, அப்புறம் லோன், தங்கச்சி கல்யாணம், வீடு... எல்லாம் முடிஞ்சு செட்டில் ஆனதும் பாரு!’’

தப்புன்னு சொல்ல முடியாது. எஜுகேஷன் லோனில் படிக்கிறவனிடம் போய் ‘சேவை செய்’ என்று அட்வைஸ் பண்ணினால் உதைதான் விழும். ஆனால், அந்த டயலாக்குக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, கவனிச்சீங்களா? சேவை என்றால் பர்ஸிலிருந்து போவது, சம்பாத்தியம் என்றால் பர்ஸுக்கு வருவது. இரண்டும் ஒண்ணா நடக்காது!

மதுரையில் ஒருத்தர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டியிருக்கிறார் பாஸ்!

58 வயசில் ஸ்டார்ட்-அப்!

டாக்டர் கோ.வெங்கடசாமி. சுருக்கமாக ‘டாக்டர் வி’. 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தார். பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த சில வருடங்களில் மூட்டுவாதம் தாக்கி, விரல்கள் கோணிப் போயின. ஆசை அதோடு அவுட். மனுஷன் அசரவில்லை. கண் மருத்துவம் படித்து, அந்த வளைந்த விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்!

1976-ல், 58 வயதில், அரசு வேலையிலிருந்து ரிட்டயர்டு. அதே வருடம் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முதலீடு? வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்து நகைகளும் போயின. கண் டாக்டர்களான தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கூடவே வந்தார்கள். வசதி உள்ளவர் காசு கொடுக்கலாம், இல்லாதவருக்கு இலவசம். இதுதான் பிசினஸ் பிளான்!

கணக்கு டேலி ஆனது எப்படி?

இங்கேதான் நம்ம மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் மக்கள் காதைத் தீட்டிக்கணும். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே, அடுத்ததில் அடுத்த நோயாளி ரெடி. முதல் கண் முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட ஜீரோ. நாம செமஸ்டருக்கு உருப்போடுகிற ‘பாட்டில்நெக்’ பாடம்தான் இது. டாக்டரின் நேரம்தான் அங்கே பாட்டில்நெக். அதை வீணாக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கை கூடக் கூட, ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவு குறையும். காசு கொடுப்பவரிடம் நியாயமான கட்டணம் வாங்கினாலே, இலவச நோயாளியின் செலவுக்கும் மிச்சம் நிற்கும். ஏ.சி. அறையா, பாயா என்பதில் வித்தியாசம் உண்டு. கண்ணைத் தொடும் டாக்டரில் வித்தியாசம் கிடையாது. 11 படுக்கையில் ஆரம்பித்தது, தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என வளர்ந்து, இன்று வருஷத்துக்குப் பல லட்சம் ஆபரேஷன்கள் செய்கிறது.

‘இலவசம்’னா ஓடி வந்துடுவாங்களா?

அதுதான் இல்லை! கிராமத்து முகாம்களில் ‘உங்களுக்கு ஆபரேஷன் இலவசம்’ என்று சொல்லியும் நிறைய பேர் வரவே இல்லை. ஏன் என்று விசாரித்தால்... பஸ்ஸுக்குக் காசு யார் தருவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, துணைக்கு வருபவரின் கூலி என்ன ஆவது? ‘இலவச’ ஆபரேஷனுக்கு ஏழைக்கு இவ்வளவு செலவு! அப்புறம்தான் பஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே சேர்ந்தது இலவசம் என்று மாற்றினார்கள்.

அடுத்த சிக்கல் லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரும், ஒன்று சுமார் 100 டாலர். அதை வாங்க முடியாதவருக்கு சோடா புட்டிக் கண்ணாடிதான் கதி. அது உடைந்தால் திரும்பவும் இருட்டு. 1992-ல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ தொடங்கி லென்ஸ் செய்தார்கள். விலை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கானது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. மதுரை ஏழைக்காக யோசித்தது, ஏற்றுமதி பிசினஸ் ஆகிவிட்டது!

அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, வேலையும் தருகிறார்கள். பார்வை கிடைத்தவர் ஒரு பக்கம், சொந்தச் சம்பளத்தில் நிமிர்ந்த பெண் இன்னொரு பக்கம்.

‘அவரே 58-லதானே ஆரம்பிச்சார்?’

கேட்பீங்கன்னு தெரியும்! ‘அப்போ நாங்களும் ரிட்டயர்டு ஆகிட்டு ஆரம்பிக்கிறோமே’ என்று எஸ்கேப் ஆகப் பார்க்காதீங்க. 1976-ல் திறந்தது கட்டடம் மட்டும்தான். அதற்கு முன்னாலேயே, மாதச் சம்பளம் வாங்கும் அரசு டாக்டராக இருந்துகொண்டே, ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர் அவர். நோயாளி ஏன் தயங்குகிறார் என்பதைப் படித்தது அங்கேதான். வேலையும் சேவையும் ஒண்ணாத்தான் வளர்ந்தது. அந்த அனுபவம் இல்லாமல், ரிட்டயர்டு ஆன மறுநாள் வெறும் நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு 11 படுக்கை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமக்கு வருவோம். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் ஏழு நாள் பார்த்தீனியம் பிடுங்கி, சர்டிஃபிகேட் வாங்கி, ஃபைலில் சொருகியாச்சு. அந்த ஊர் மக்களுக்கு என்ன கஷ்டம் என்று எத்தனை பேர் கேட்டோம்? ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில் ரெடிமேடாக வாங்குகிற காசில், மெஸ் அக்காவின் முதுகுவலிக்கு உயரம் சரியான ஒரு மேடை செய்து தரலாம். வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஒரு நல்ல விளக்கு செய்யலாம். அவர்களிடம் போய் முதலில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: ‘‘இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?’’

லோனைக் கட்டுங்க, தங்கச்சி கல்யாணத்தையும் ஜாம்ஜாம்னு நடத்துங்க. டாக்டர் வி 2006-ல் மறைந்தார். அவர் விட்டுப்போன மருத்துவமனை நோயாளிகளின் கட்டணத்திலேயே தன் செலவைச் சமாளித்து நிற்கிறது. அடுத்தவருக்கு உண்மையிலேயே உதவுகிற ஒரு பொருளைச் செய்யத் தெரிந்தவனுக்கு வேலைக்கும் பஞ்சம் வராது, காலையில் எழுந்திருக்கக் காரணத்துக்கும் பஞ்சம் வராது.

புராஜெக்ட் ரிவியூவுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கு, சொல்லுங்க?