குகை மனிதனுக்கு ஒரு வரி எழுதலாமா?

உத்திரமேரூர் அருகே பெருநகரில் இருக்கும் என் சித்தப்பா சென்ற வருடம் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய வேகத்தில் இன்டர்நெட்டில் ஒரு கார்ட்டூன் வாசகப் போட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். படத்தில் ஒரு குகை மனிதன் குகைச் சுவர் முழுக்க எதையோ செதுக்கிக் கொண்டிருக்கிறான். மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று 50 கேரக்டர்களுக்குள் எழுத வேண்டும். சித்தப்பா எழுதியது இது:

"பாஸ்வேர்டை மறக்கக் கூடாதுன்னு சொன்னேன், அதுக்காகச் சுவத்துலயா எழுதுறது?"

நல்ல நகைச்சுவைதானே? ஆனால் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது "அதுக்காகச்" என்பது வரை மட்டுமே. சிரிப்பு வரவேண்டிய இடம் காணாமல் போய்விட்டது. "எண்ணித்தான்டா எழுதினேன்!" என்று என்னிடம் புலம்பினார். தவறு அவருடையது அல்ல. இதுபோன்ற போட்டிகளில் கலந்துகொள்ள விரும்பும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை.

எழுத்து வேறு, கேரக்டர் வேறு

நம் கண்ணுக்கு 'கு' ஓர் எழுத்து. யூனிகோட் முறையில் கம்ப்யூட்டர் அதை 'க' என்றும் உகரக் குறி என்றும் இரண்டாகச் சேமிக்கிறது. 'ன்' என்பதும் இரண்டு. புள்ளிக்குத் தனி இடம். 'குகை மனிதன்' என்பதில் நமக்கு 6 எழுத்துகள். கம்ப்யூட்டருக்கோ இடைவெளியையும் சேர்த்து 11 கேரக்டர்கள். சித்தப்பாவின் வரி அவர் கணக்கில் இடைவெளிகளுடன் 44. கம்ப்யூட்டர் கணக்கில் 71. அதனால் 50ஐத் தொட்டதும் அந்தக் கட்டம் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது.

எனவே 50 கேரக்டர் என்றால் 30 எழுத்துகளுக்குள் முடிக்கப் பாருங்கள். முதலில் நோட்பேடில் எழுதி சேவ் செய்துகொள்ளுங்கள். அதைக் காப்பி செய்து பார்மில் பேஸ்ட் செய்யுங்கள். சப்மிட் பட்டனை அழுத்தும் முன் கடைசிச் சொல் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் போதும்.

விண்டோஸ் 11ல் தமிழில் டைப் செய்ய, செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ், பின் லாங்வேஜ் அண்ட் ரீஜியன் கிளிக் செய்து தமிழைச் சேர்க்கவும். தமிழ் 99 கீபோர்டைத் தேர்வு செய்யலாம். ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும்.

எதை எழுதுவது?

படத்தில் தெரிவதையே மீண்டும் எழுதாதீர்கள். 'குகை மனிதன் சுவரில் எழுதுகிறான்' என்பது வர்ணனை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. குகை மனிதன் நகைச்சுவையின் ரகசியம் எளிது. கற்கால உடையில் இருப்பவன் இன்றைய வீட்டுப் பிரச்சினையைப் பேச வேண்டும். சிரிப்பூட்டும் சொல் கடைசியில் வர வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க ஓவியர் கேரி லார்சன் 1982ல் 'தி ஃபார் சைட்' தொடரில் வரைந்த கார்ட்டூன். குகை மனிதர்களின் வகுப்பறை. ஆசிரியர் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் வால் முட்களைக் காட்டி, அவற்றால் இறந்துபோன தாக் என்ற தோழரின் நினைவாக 'தாகோமைசர்' என்று பெயரிட்டிருப்பதாகப் பாடம் நடத்துகிறார். மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்ததே இல்லை. ஆனாலும் அந்த வாலுக்கு வேறு பெயர் இல்லாததால், 1993 முதல் புதைபடிவ ஆய்வாளர்களே இந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்!

நமக்கும் கற்காலம் தூரமில்லை. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம், பெருநகரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

விதிகளைப் படியுங்கள்

இத்தகைய போட்டிகளில் புகழ்பெற்றது 'தி நியூயார்க்கர்' இதழ் 2005 முதல் வாரந்தோறும் நடத்தும் போட்டி. ஆயிரக்கணக்கில் வரிகள் குவிவதால், 2016 முதல் வாசகர்களே இன்டர்நெட்டில் மதிப்பெண் தருகிறார்கள். நன்றாக இருக்கும் என்று தோன்றும் வரிகளைக் கம்ப்யூட்டர் அதிகம் பேருக்குக் காட்டி வடிகட்டுகிறது. ஆனால் அந்த இதழ் பல ஆண்டுகள் அச்சிட்ட விதியில் குறிப்பிட்ட சில நாட்டவர்க்கே அனுமதி. இந்தியா அதில் இல்லை. எந்தப் போட்டியானாலும் நாடு, வயது, கடைசித் தேதி, அனுப்பிய வரி யாருக்குச் சொந்தம் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுப் பிறகு யோசிக்க உட்காருங்கள்.

பரிசு வந்துவிட்டதா?

சித்தப்பா கதை இன்னும் முடியவில்லை. பத்து நாள் கழித்து அவருக்கு இமெயில் வந்தது. முதல் பரிசு லேப்டாப்பாம். கூரியர் செலவுக்கு 499 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். பணம் கட்டப் போகும் முன் எனக்குப் போன் செய்தார். "சித்தப்பா, பாதி வரிக்கு யாராவது முதல் பரிசு தருவார்களா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரித்துவிட்டார். வெட்டுப்பட்ட வரி 499 ரூபாயைக் காப்பாற்றியது!

நேர்மையான போட்டி பரிசு தரப் பணம் கேட்காது. ஓடிபி, பின் நம்பர், ஆதார் நகல் எதையும் இமெயிலுக்குப் பதிலாக அனுப்பாதீர்கள். போட்டிகளுக்கென்று தனி இமெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

முதல் முறையே ஜெயிக்கவில்லை என்று வருந்த வேண்டாம். புகழ்பெற்ற சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், நியூயார்க்கர் போட்டியில் 2011ல் வென்றது தம் 107வது முயற்சியில். சித்தப்பா இப்போது நான்காவது வரியில் இருக்கிறார். 28 எழுத்துகளில் முடித்திருக்கிறார்.